பத்தியம் என்றால் விலக்குவதா?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளை ஒட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் ஒருவர் நின்றாலும் பேசுவது நாங்கள் ஆறு பேர். ஒரே வகுப்பில் படித்து, திருமணம் செய்தும் செய்யாமலும், வேலை பார்த்தும் ஓய்வு பெற்றும், இன்றுவரை திருகோணமலையிலேயே இருப்பவர்கள். எங்களில் யாரும் வைத்தியர் அல்ல. எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, சிறுநீரகப் புற்றுநோய் என்று தெரிந்த பின் என்ன சாப்பிடுவது என்பது. அதைப் பற்றிப் பேச எங்களுக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான். நாங்கள் அதை முதலில் பிழையாகச் செய்தோம். பிறகு கேட்டுக் கற்றுத் திருத்திக்கொண்டோம்.

எங்கள் ஏழாவது தோழியின் கதை இது. அவளுடைய சம்மதத்துடன்தான் சொல்கிறோம். பெயரை மட்டும் விட்டுவிடுகிறோம். பித்தப்பையில் கல் இருக்குமோ என்று வயிற்றை ஸ்கான் செய்தபோது, இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சிறுநீரகப் புற்றுநோய் பலருக்கு இப்படி வேறு எதையோ தேடும்போதுதான் அகப்படுகிறது. ஆரம்பத்தில் அறிகுறி காட்டாமலே வளரக்கூடியது அது. சிறுநீருடன் இரத்தம் போனாலோ, விலாப்பக்கத்தில் விடாத நோ இருந்தாலோ, காரணமில்லாமல் உடல் மெலிந்தாலோ உடனே காட்ட வேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டி பெரிதாக இருந்ததால் அந்தச் சிறுநீரகம் முழுவதையும் எடுத்தார்கள். இரண்டு கிழமைக்குப் பின் அவள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மகள் வெளிநாட்டில். கணவருக்குத் தேத்தண்ணீர் போடுவதற்கு மேல் சமையல் தெரியாது. ஆகவே நாங்கள் ஆறு பேரும் நாள் பிரித்துச் சமைத்துக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தோம்.

அவள் வீட்டுக்கு வரும் முன்பே பட்டியல்கள் வந்துவிட்டன. பக்கத்து வீட்டில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் ஒருவர் இருந்தார். அவருக்குக் கொடுத்த உணவுத் தாளைப் போட்டோப் பிரதி எடுத்துத் தந்தார்கள். அதில் வாழைப்பழம் இல்லை, இளநீர் இல்லை, கீரை இல்லை, பருப்பு இல்லை. லண்டனிலிருந்து ஒரு தோழி, சீனி சாப்பிட்டால் கட்டி வளரும் என்று வட்ஸ்அப்பில் அனுப்பினாள். ரொறொன்ரோவிலிருந்து இன்னொருத்தி மீனும் முட்டையும் வேண்டாம் என்றாள். கோயிலில் கண்ட ஒரு மாமி, சூடு, குளிர்ச்சி, கிரந்தி என்று சொல்லி மிச்சமிருந்த மரக்கறிகளில் பாதியை எடுத்துவிட்டார். எல்லாரும் அன்பினால்தான் சொன்னார்கள். நாங்களும் அன்பினால்தான் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டோம். ஆறு கிழமைக்கு அவளுக்குக் கிடைத்தது வடித்த சோறு, அவித்த பீர்க்கங்காய், உப்பில்லாத வெள்ளைச் சொதி. அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். பிறகு பாதி சாப்பிட்டாள். பிறகு, பசிக்கவில்லை என்றாள்.

ஆறாவது கிழமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சத்திரசிகிச்சைக்கு முன் 54 கிலோ இருந்தவள் 47 கிலோ. வைத்தியர் நிறையைப் பார்த்தார், இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “இரத்தத்தில் பொற்றாசியம் சரியாக இருக்கிறது. மீதிச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. இவரை யார் பட்டினி போடுவது?” என்று கேட்டார். நாங்கள் நிலத்தைப் பார்த்தோம்.

அன்று அந்த வைத்தியர் எங்களைப் போசணை ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் முதலில் கேட்டது, “இந்தப் பட்டியல் யாருடைய பட்டியல்?” என்பது. இன்று நாங்கள் சொல்ல வந்ததெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பத்தியம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அதன் மூலச் சொல்லுக்குப் பொருத்தமானது, நலம் தருவது என்று பொருள். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவும் உள்ளியும் மிளகும் சேர்த்துப் பத்தியக் கறி வைக்கும்போது நாங்கள் அதைச் சரியாகத்தான் விளங்கிக்கொள்கிறோம். அங்கே பத்தியம் என்பது கொடுப்பது. வேறு நோய் என்றதும் அதே சொல் விலக்குவது என்று மாறிவிடுகிறது. யாருக்குப் பொருத்தம், எந்த நேரத்தில் பொருத்தம் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் குழப்பம் வருவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து நெற்செய்கைக் கிராமங்களில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் ஒன்று பரவலாகக் காணப்படுகிறது. நமது மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரவும் அதனால் பாதிக்கப்பட்ட பகுதிதான். ஆகவே இங்கே சிறுநீரகத்தில் வருத்தம் என்றதும் எல்லாருக்கும் மனதில் வருவது சிறுநீரகம் செயலிழப்பதும் இரத்தச் சுத்திகரிப்பும்தான். சிறுநீரகப் புற்றுநோய் வேறு. அங்கே இரண்டு சிறுநீரகங்களும் சிறிது சிறிதாகப் பழுதாகின்றன. இங்கே பெரும்பாலும் ஒன்றில் கட்டி வருகிறது. அந்தக் கட்டியை அல்லது அந்தச் சிறுநீரகத்தை எடுத்த பின், மற்றது நலமாக இருந்தால் அதுவே வேலையைப் பொறுப்பெடுக்கிறது. உறவினருக்குச் சிறுநீரகம் தானம் செய்தவர்கள் ஒன்றுடன்தானே வாழ்கிறார்கள்.

அதனால் நோயின் பெயரைக் கேட்டு உணவைத் தீர்மானிக்க முடியாது. பார்க்க வேண்டியது பரிசோதனைத் தாளை. அதில் கிரியற்றினின் என்று ஓர் அளவு இருக்கும். அதை வைத்து ஈ.ஜி.எப்.ஆர். என்ற இன்னோர் அளவைக் கணிப்பார்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்பதை அது காட்டும். அது மூன்று மாதத்துக்கு மேலாக 60க்குக் கீழே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கணக்கெடுக்கிறார்கள். அதன் பின் பொற்றாசியம், பொஸ்பரஸ், சிறுநீரில் புரதம், குருதி அமுக்கம், நீரிழிவு இருக்கிறதா இல்லையா என்பவற்றைப் பார்க்க வேண்டும். இவை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கே மாதத்துக்கு மாதமும் மாறலாம்.

இனி, நாங்கள் கற்றுக்கொண்டதைச் சமையலறை ஒழுங்கில் சொல்கிறோம்.

முதலாவது புரதம். சத்திரசிகிச்சைக் காயம் ஆறவும் தசை கரையாமல் இருக்கவும் அது வேண்டும். சிறுநீரகத்தின் வேலை குறைந்து, ஆனால் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகாத நிலையில் இருப்பவர்களுக்கு, ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது சர்வதேச வழிகாட்டல். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு அது 40 கிராம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கோ 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை என்று ஐரோப்பியப் போசணை வழிகாட்டல் சொல்கிறது. இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கின்றன. எங்கள் தோழி போன்றவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். எங்கள் தோழிக்கு, நிறை ஏறும்வரை கூடுதலாகக் கொடுங்கள் என்றார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், அவித்த பருப்பு அரைக் கோப்பையில் 9 கிராம் அளவு புரதம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறு கிழமை நாங்கள் கொடுத்த சாப்பாட்டில் ஒரு நாளுக்கு 20 கிராம்கூட இருந்திருக்காது. கொட்பேயில் மீன் வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு அவளுக்கு ஒரு பாரைத் துண்டைக் கொடுக்கப் பயந்திருக்கிறோம்.

இரண்டாவது உப்பு. இங்கே பட்டியல்களில் ஓர் உண்மை இருந்தது. ஒரு சிறுநீரகத்துடன் வாழ்பவர் குருதி அமுக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். உயர் குருதி அமுக்கம் இந்தப் புற்றுநோய்க்கான காரணிகளில் ஒன்றும்கூட. புகைத்தலும் மிகை உடல் நிறையும் மற்றவை. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது மட்டமாக ஒரு தேக்கரண்டி; சொதிக்கும் கறிக்கும் சம்பலுக்கும் பாணுக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. கருவாடு, மாசி, அச்சாறு, பப்படம், பக்கற் நூடில்ஸ், சூப்புக் கட்டி ஆகியவற்றில்தான் அது ஒளிந்திருக்கிறது. கருவாட்டை ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுவதும் போகாது. ஆனால் உப்பைக் குறைப்பது வேறு, ருசியை எடுப்பது வேறு. தேசிக்காய், கொறுக்காய், மிளகு, உள்ளி, கறிவேப்பிலை, வறுத்த சீரகம் இவையெல்லாம் எதற்கு இருக்கின்றன? இரண்டாம் முறை சமைத்த மீன் கறியில் வழக்கத்தில் பாதி உப்புப் போட்டு, கொறுக்காய்ப் புளியைக் கூட்டினோம். அவள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். கடைகளில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் சில பொற்றாசியம் குளோரைட்டினால் செய்யப்படுபவை. சிறுநீரகத்தின் வேலை குறைந்தவர்களுக்கு அது ஆபத்தாகலாம். கேட்காமல் வாங்க வேண்டாம்.

மூன்றாவது பொற்றாசியம். செவ்விளநீர், வாழைப்பழம், கீரைகள், உருளைக்கிழங்கு, தக்காளி இவற்றில் அது நிறைய உண்டு. இரத்தத்தில் அது கூடியிருப்பவருக்கு இதயத் துடிப்பையே குழப்பும். அப்படிப்பட்டவர்கள் மரக்கறியைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். ஆனால் அளவு சரியாக இருப்பவருக்கு இதைச் செய்வது நல்ல உணவை வீணாக்குவதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு உயிர் காத்த அதே தாள், எங்கள் தோழியிடமிருந்து முருங்கையிலையையும் பப்பாசிப்பழத்தையும் காரணமில்லாமல் பறித்துவிட்டது.

நான்காவது, உண்மையில் விலக்க வேண்டியவை. இவை எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. வெட்டினால் நட்சத்திரம் போலிருக்கும் காமரங்காவும், அதன் இனமான பிலிங்காயும் ஒக்சலேற்று நிறைந்தவை. அதிகமாக, முக்கியமாகச் சாறாகக் குடித்தால், நலமான சிறுநீரகத்தையும் அது அடைத்துப் பழுதாக்கும். கேரளத்தில் பிலிங்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி 2013இல் வைத்தியர்கள் எழுதினார்கள்; அவர்களில் ஏழு பேருக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டது. காமரங்காவினால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்களும் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரக நோயாளருக்குக் காமரங்கா விக்கலையும் மனக் குழப்பத்தையும் வலிப்பையும்கூடக் கொண்டுவரும். எங்கள் வளவுகளில் இரண்டு மரமும் நிற்கின்றன. ‘இயற்கையானது, குளிர்ச்சியானது’ என்று அந்தச் சாற்றைத்தான் ஒருவர் போத்தலில் கொண்டுவந்தார். நல்லவேளையாக, புளிக்கிறது என்று அவள் குடிக்கவில்லை.

மூலிகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டிமார் கைவைத்தியத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதை இழிவாகப் பேச மாட்டோம். ஆனால் ஈசுவரமூலி, பெருமருந்து என்று சொல்லும் கொடியும், ஆடுதீண்டாப்பாளையும் அரிஸ்டொலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. அவற்றிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிய மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் சிறுநீரகங்களை இழந்ததற்குக் காரணம் இந்த இனத் தாவரம்தான். 2024இல் 11 நாடுகளின் சிறுநீரகப் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், ருமேனியா, சேர்பியா, தாய்லாந்து நோயாளர் பலரின் கட்டிகளில் இதே அமிலம் விட்டுச்சென்ற அடையாளத்தைக் கண்டார்கள். எந்தச் சூரணமாக இருந்தாலும், எந்தக் கசாயமாக இருந்தாலும், அதன் பெயரைப் புற்றுநோய் வைத்தியரிடம் சொல்லுங்கள். உங்கள் சித்த வைத்தியரிடமும், எனக்கு ஒரு சிறுநீரகம்தான் என்று சொல்லுங்கள். அதேபோல, நோவுக்கு டைக்குளோபினாக், இபுபுறூபன் போன்ற மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கிப் போடவும் கூடாது.

ஐந்தாவது சீனி. எங்கள் உடலின் எல்லாக் கலங்களும் குளுக்கோசைப் பயன்படுத்துகின்றன, புற்றுநோய்க் கலங்களும்தான். நாங்கள் சீனியை நிறுத்தினால் கட்டி மட்டும் பட்டினி கிடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நீரிழிவு உள்ளவர் கட்டுப்படுத்த வேண்டும். நிறை கூடியவர் குறைக்க வேண்டும். ஏழு கிலோ மெலிந்தவளிடமிருந்து தேத்தண்ணீருக்குப் போடும் ஒரு கரண்டியைப் பறிப்பதில் பயனில்லை. எந்த உணவும் இந்த நோயை மாற்றாது. எந்தப் பழமும் சத்திரசிகிச்சைக்குப் பதிலாகாது. உணவு செய்வது, சிகிச்சையைத் தாங்கும் உடம்பைக் கொடுப்பது.

நோய் பரவியவர்களுக்கு மாத்திரைகள் கொடுப்பார்கள். அங்கே உணவு இன்னொரு விதத்தில் முக்கியமாகிறது. பசோபனிப் என்ற மாத்திரையைச் சாப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்போ இரண்டு மணித்தியாலம் பின்போ எடுக்க வேண்டும். சுனிற்றினிப்பைச் சாப்பாட்டுடனும் எடுக்கலாம், இல்லாமலும் எடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் காலையில் சாப்பிடும் கிரேப்புரூட் இந்த மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். அதன் உறவான பம்பளிமாசையும் தவிர்ப்பதே பாதுகாப்பு. வாய்ப்புண், வயிற்றோட்டம், ருசி மாறுதல் வரலாம். அப்போது குழைந்த கஞ்சி, ஆறவைத்த சோறும் தயிரும், அவித்த முட்டை, உறைப்பில்லாத மீன் சொதி என்று சிறிது சிறிதாக, பல தடவை கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் கற்ற பின் ஒரு மத்தியானம் ஆறு பேரும் அவள் வீட்டு விறாந்தையில் இருந்து, புதிய அட்டவணை போட்டோம். திங்கள் இது, செவ்வாய் அது என்று. அவள் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “நான் என்ன சாப்பிடுவது என்று என்னைத் தவிர எல்லாரும் முடிவெடுக்கிறீர்கள். முதலும் அப்படித்தான். இப்போதும் அப்படித்தான்.”

பதில் சொல்ல எங்களுக்கு வார்த்தை வரவில்லை. அவளுடைய உடம்பிலிருந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். அதற்கு அவள் கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் அவளுடைய கோப்பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தோம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் கணவருக்குப் பிடித்தது, பிள்ளைக்குப் பிடித்தது என்று சமைத்தவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது எங்களுக்கே பழக்கமில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறோம்.

பென்சிலை அவளிடம் கொடுத்தோம். திங்கட்கிழமைக்கு அவள் எழுதியது புட்டும் கீரிமீன் குழம்பும். அடுத்த கிளினிக்குக்கு வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் அதே தாளின் பின்பக்கத்தில் அவளே எழுதினாள். அவற்றை உங்களுக்கும் தருகிறோம், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, என் சிறுநீரகம் இப்போது எவ்வளவு வேலை செய்கிறது, போன முறையைவிடக் கூடியதா குறைந்ததா? இரண்டு, என் இரத்தப் பரிசோதனைப்படி நான் உண்மையிலேயே குறைக்க வேண்டியது எது, கூட்ட வேண்டியது எது? மூன்று, நான் எடுக்கும் மருந்துக்கு ஒத்துவராத உணவோ மூலிகையோ உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை, வேறு எவருடைய தாளையும் உங்கள் சமையலறையில் ஒட்ட வேண்டாம்.

வெளிநாடுகளில் இருக்கும் தோழியருக்கு ஒரு வேண்டுகோள். நோய் என்று கேள்விப்பட்டதும் வட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பாதீர்கள். “என்ன சாப்பிட்டாய், நிறை எவ்வளவு?” என்று கேளுங்கள். உங்கள் நாடுகளில் சிறுநீரக நோய்க்கென்றே போசணை ஆலோசகர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வந்தால் அவரிடம் அனுப்பும்படி வைத்தியரைக் கேளுங்கள். அவருக்கு இடியப்பமும் சொதியும் தெரியாமல் இருக்கலாம். வெட்கப்படாமல் விளக்குங்கள். அவர் சொல்லும் பாணும் சலட்டும்தான் மருந்து என்று நினைத்து, பிடித்த உணவை விட்டுவிட வேண்டாம்.

இந்த உரையை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் வாசித்துக் காட்டினோம். இரண்டு திருத்தம் சொன்னாள். அவள் சுகமாகிவிட்டாள் என்று எழுதியிருந்தோம். அதை வெட்டச் சொன்னாள். “ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான் போகிறேன். அதை அப்படியே எழுதுங்கள்” என்றாள். இரண்டாவது, சொதியில் உப்பில்லை என்று எழுதியது போதாதாம். அதில் புளியும் இல்லை என்பதையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்துவிட்டோம்.

அவளுடைய நிறை இப்போது 52 கிலோ.